லெட்சுமியின் அட்டையில் ஒரு காலிக் கட்டம்

1

“ஜனவரி 9, செவ்வாய். காலை 5.40. லெட்சுமி இருமினாள், நான்கு முறை. தேநீருக்குப் பிறகு இல்லை.”

என் 2024-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது. மறுநாள்: “5.35. ஐந்து முறை.” அதற்கடுத்த வாரம்: “மாலையிலும், 6.10.” இப்படியே பிப்ரவரி 26 வரை நாற்பத்தொன்பது நாட்கள், ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறேன். ஐம்பதாவது நாள் அவளை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனது நான் அல்ல. பக்கத்து வீட்டுப் பிலோமினா.

இன்று செப்டம்பர் 29. என் மனைவி லெட்சுமி காசநோய்க்கான கடைசி மாத்திரைகளை விழுங்கி ஓராண்டு ஆகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் இதுவரை எழுதியதெல்லாம் தோட்டத்துக் கோயில் திருவிழா, இங்குள்ள தமிழ்ப்பள்ளி, மழை, பழ சீசன். நோயைப் பற்றி எழுதியதில்லை. பொறாமையைப் பற்றியும் எழுதியதில்லை. இந்த முறை இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுதிப் பார்த்தேன், முடியவில்லை.

2

துறையூருக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டுக் கடல் தாண்டி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவன் நான். சிரம்பானில் பள்ளிப் புத்தகமும் பூஜைச் சாமானும் விற்கும் ஒரு கடைக்கு வேலைக்கு வந்தேன். கல்யாணமான பிறகு பெடாஸை அடுத்த இந்தத் தோட்டத்தில், லெட்சுமிக்கு நிர்வாகம் கொடுத்திருந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். இருபத்தொன்பது வருடம் காலை பஸ்ஸில் சிரம்பானுக்குப் போய் மாலை பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன். கடை மூடப்பட்ட பிறகு வீட்டில்தான் இருக்கிறேன். லெட்சுமி இன்னும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறாள். கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக் கன்று நடும் வேலை.

பிலோமினாவும் அதே பண்ணையில்தான். இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். இங்கே ரப்பர் இருந்த காலத்தில் ஒரே வருடம் மரம் சீவப் போனவர்கள். ஒருத்தி மாரியம்மன் கோயிலுக்கும் மற்றவள் மாதா கோயிலுக்கும் போவதைத் தவிர, அவர்களுக்குள் வேறு வித்தியாசம் எதையும் நான் கண்டதில்லை. பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டே பாதி தமிழிலும் பாதி மலாயிலும், வாக்கியக் கடைசியில் ஒரு ‘லா’ சேர்த்துப் பேசுவார்கள். திடீரென்று ஒருத்தி ஓர் ஆளை நினைவுபடுத்துவாள்: “ஏய், அந்தப் பழைய மண்டோரு!” அவ்வளவுதான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மண்டோர் என்றால் வேலைக்கூட்டத்தை மேய்ப்பவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்த மண்டோர், என்ன செய்தார் என்று கேட்டால், “அது ஒங்களுக்குப் புரியாதுண்ணே, நீங்க ஊர்க்காரரு” என்பாள் பிலோமினா.

அவளுக்கு நான் இன்னும் இந்தியாவிலிருந்து வந்த ஊர்க்காரன்தான். அடையாள அட்டையும் அதைத்தான் சொல்கிறது. இங்கே பிறந்தவர்களுக்கு நீல அட்டை. நிரந்தரவாசியான எனக்குச் சிவப்பு. எந்த அலுவலக முகப்பிலும் அட்டையை நீட்டியதும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, இந்தியரையும் இந்தியா என்றே சொல்லும் மலாயில் ஒரே கேள்வியைக் கேட்பார்: “இந்தியாவா? இங்குள்ள இந்தியாவா, அங்குள்ள இந்தியாவா?” நான் அங்குள்ள இந்தியா. லெட்சுமி இங்குள்ள இந்தியா. எங்கள் மகன் தினேஷ் ஜொகூரில் வேலை பார்க்கிறான். அவன் எந்த இந்தியாவும் இல்லை.

3

என்னிடம் ஒரு நீல அட்டை போட்ட நோட்டு உண்டு. இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஒவ்வோர் ஆண்டும் காசநோய்க்காகச் சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை அதில் எழுதி வந்திருக்கிறேன். முதலில் சிரம்பான் நூலகத்தில் ஆண்டறிக்கைகளைப் பார்த்து எழுதினேன். பிறகு மகன் வாங்கிக்கொடுத்த கைபேசியில் பார்த்து எழுதினேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். கல்யாணமான முதல் மாதம் லெட்சுமி தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். ரப்பர் மரம் சீவியவர். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது காசநோய் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பல மாதங்கள் வார்டிலேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சன்னலுக்கு வெளியே நிறுத்துவார்களாம். அப்பா உள்ளிருந்து கையை ஆட்டுவாராம். திரும்பி வந்த பிறகும் சாப்பாட்டுக்குத் தகர மங்கு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தொடாமலே இருந்துவிட்டார். நோய் போய்விட்டது, பயம் போகவில்லை. அந்தக் கதை என்னை என்னவோ செய்தது. அவருக்காக ஏதாவது செய்ய வேண்டுமென்று தோன்றியது. எனக்குத் தெரிந்தது எழுதி வைப்பது ஒன்றுதான். நோட்டை வாங்கினேன்.

அந்த எண்களை இங்கே தரப்போவதில்லை. என் நகல்களை மூல அறிக்கைகளோடு ஒப்பிட்டு முடிக்கவில்லை. தவிர, இந்த எண்கள் மேலோட்டமாகப் படிப்பவரை ஏமாற்றக்கூடியவை. சில ஆண்டுகளில் தலைப்பு “சேர்க்கை” என்றிருக்கும், சில ஆண்டுகளில் “வெளியேற்றம்” என்றிருக்கும். ஒரே ஆள் இரண்டு முறை படுத்தால் இரண்டாகக் கணக்காகும். நுரையீரல் காசநோய் ஒரு வரிசையில் வரும், எலும்பில், கழுத்துக் கட்டியில் வருவது வேறு வரிசைக்குப் போகும். தனியார் ஆஸ்பத்திரி தனிக் கதை.

முக்கியமானது இன்னொன்று. படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள் குறைந்தால் நோய் குறைந்தது என்று பொருளில்லை. மாமனார் காலத்தில் நோயாளி வார்டில் இருந்தார். இப்போது பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே ஆறு மாதம், சிலர் இன்னும் அதிகமாக, மாத்திரை சாப்பிடுகிறார்கள். நிலைமை மோசமானவர்களும் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுமே படுக்கைக்குப் போகிறார்கள். மற்றவர்கள் மாத்திரையை விழுங்குவதை ஒருவர் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் விதி. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு. வார்டு நம் சமையலறைக்கு வந்துவிட்டது, காவலுக்கு நம்மிலிருந்தே ஒருவரைக் கேட்கிறது.

இது நல்ல ஏற்பாடு. முழு மனதோடு சொல்கிறேன். ஆனால் அறிக்கைகளில் எழுதாத ஒன்று அதில் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரும் உண்டாகிறார். வார்டு காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. சன்னலுக்கு வெளியே எல்லோரும் சமம்.

4

சளிப் பரிசோதனை முடிவு வந்த நாள் மார்ச் 1, வெள்ளி. என்னையும் வரச் சொன்னார்கள். பிலோமினாவும் லெட்சுமியும் மோட்டாரில் போனார்கள். எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. “ஆன்ட்டி, எப்ப இருந்து இருமல்?”

“ரெண்டு மூனு வாரமா இருக்கும் டாக்டர்.”

“இல்லை” என்றேன். “ஜனவரி ஒன்பது. காலை ஐந்து நாற்பது.”

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. எந்த நோயாளியின் கணவன் இப்படி ஒரு பதிவைக் கொண்டுவந்திருப்பான்? டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நிதானமாகத்தான் படித்தார்.

“அங்கிள், இதெல்லாம் நீங்களே எழுதுனதா?”

“ஆமாம். ஒரு நாளும் விடவில்லை.”

“ரொம்ப நீட்டா இருக்கு.” கடைசிப் பக்கம்வரை போய்விட்டு மூடினார். “கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க?”

கோபமில்லாமல்தான் கேட்டார். நாட்குறிப்பை எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

“சளியில ரத்தம் வந்துச்சா ஆன்ட்டி?”

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் கதவருகில் நின்ற பிலோமினாவிடமிருந்து வந்தது. “வந்துச்சு டாக்டர், ரெண்டு தடவ. பின்னால குழாயடியில துப்பிட்டு தண்ணி ஊத்தி விட்டுட்டா. யாருகிட்டயும் சொல்லாதன்னா. அவங்க அப்பா மாதிரி தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம். ரெண்டாவது தடவ நான் விடல. அவள மோட்டார்ல ஏத்திட்டேன்.”

நாற்பத்தொன்பது நாள் பதிவில் ரத்தம் இல்லை. எண்ணிக்கை இருந்தது. அவள் ரத்தத்தை வேறொருத்தியிடம் காட்டியிருக்கிறாள்.

அடுத்த அறையில் ஒரு மலாய்த் தாதி. இங்கே தாதியை மிஸ்ஸி என்பார்கள். அவர் ஒரு பாரத்தை, அதாவது படிவத்தை, நிரப்பினார். யாரோடெல்லாம் அதிக நேரம் இருக்கிறீர்கள்? அவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். லெட்சுமி விரல்விட்டுச் சொன்னாள். முதலில் பிலோமினா. பிறகு பண்ணையில் கூட வேலை செய்யும் இரண்டு இந்தோனேசியப் பெண்கள். பிறகு, “வீட்டுல இவரு.”

நான் நான்காவது. ஒரே கூரையின் கீழ் முப்பது வருடம் இருந்துவிட்டு ஒரு தொற்றுநோய்ப் பட்டியலில் முதலிடம் கிடைக்கவில்லையே என்று வருந்தியவன் இந்த மாநிலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நால்வருக்கும் நெஞ்சுப்படம் எடுத்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாரமே கோயிலில் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, “போன வருசம் ஊருக்குப் போயிட்டு வந்தீங்களே, அங்கேருந்து கொண்டாந்ததா?” என்று கேட்டார். அதே ஆள் பண்ணையில் போய் இந்தோனேசியப் பெண்களைக் கைகாட்டியதாக அறிந்தேன். யாரிடமிருந்து வந்ததென்று டாக்டரே சொல்லவில்லை. பல வருடம் உடம்புக்குள் தூங்கிக் கிடந்து எழும் நோய் அது.

பாரத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. திங்கள் முதல் வெள்ளிவரை மாத்திரையைக் கிளினிக்கில் மிஸ்ஸிக்கு முன்னால் விழுங்கவேண்டும். சனியும் ஞாயிறும் வீட்டில். வீட்டில் பார்ப்பவர் பெயர்? நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன். பாரத்தோடு தேதி போட்ட கட்டங்கள் கொண்ட ஓர் அட்டை, விழுங்கிய நாளின் கட்டத்துக்கு ஓர் அடையாளம். கடவுள் எனக்கென்றே அச்சடித்து அனுப்பியது போலிருந்தது.

“பிலோமினா” என்றாள் லெட்சுமி.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். “கணவர் வீட்டில்தானே இருக்கிறார்?”

லெட்சுமி மலாயில் அவருக்குப் பதில் சொன்னாள். பிறகு எனக்காகத் தமிழிலும் சொன்னாள். “இவரு என்னையப் பாக்க மாட்டாரு. கடியாரத்தத்தான் பாப்பாரு.”

பிலோமினா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அவளை வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

5

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம் லெட்சுமிக்கு ஓயாத வாந்தி. கண் மஞ்சளாகியது. மருந்து ஈரலைத் தாக்கியிருக்கிறது என்று சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மார்ச் 20 முதல் 25 வரை ஐந்து இரவு அங்கே இருந்தாள். மாத்திரைகளை நிறுத்தி, ஈரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். அதனால் சிகிச்சையும் செப்டம்பர் கடைசிவரை நீண்டது.

வார்டில் நான் அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது ஓர் எண்ணம் ஓடியது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் நோட்டில் இவளும் ஒன்றாகப் போகிறாள். அப்பா பல மாதம், மகள் ஐந்து இரவு: நாடு முழுவதும் நடந்த மாற்றம் ஒரே குடும்பத்தில் தெரிகிறது. இதை அவளிடம் சொன்னால் மகிழ்வாள் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

“ஆனால் நீ எந்த வரிசையில் வருவாய் என்று தெரியவில்லை” என்றேன். “காசநோயிலா, ஈரல் கோளாறிலா? வெளியே போகும்போது முகப்பில் கேட்டுப் பார்க்கிறேன்.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “எங்கப்பாவ நம்பராக்குனீங்க. சரி, செத்துப்போன மனுசன். இப்ப என்னையுமா?”

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா அரிசிக் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெடாஸிலிருந்து சிரம்பான்வரை மோட்டாரிலேயே வந்திருக்கிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “என்னாடி, மஞ்சத் தேச்சி குளிச்ச மாதிரி இருக்க? அழகாத்தான்லா இருக்கு” என்றாள். லெட்சுமி சிரித்தாள். அவள் சிரித்து ஐந்து நாளாகியிருந்தது. நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

அன்று மாலை தினேஷைக் கைபேசியில் கூப்பிட்டு விஷயத்தை மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். பதறிவிடக் கூடாதென்று முன்னுரையெல்லாம் தயார்செய்து வைத்திருந்தேன்.

“தெரியும்பா. பிலோ ஆன்ட்டி வாய்ஸ் மெசேஜ் போட்டாங்க. டெய்லி போடுறாங்க.”

“தினமுமா?”

“ஆமாலா. அம்மா என்னா சாப்புட்டாங்க, எத்தன தடவ வாந்தி, எல்லாம்.” கொஞ்சம் தயங்கினான். “அப்பா, நீங்க அம்மா இருமுனத எழுதி வச்சீங்களாமே. எதுக்கு?”

“ஒரு பதிவுக்காக.”

“யாரு படிக்கப் போறா?”

அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவில்லை. தேசியப் பள்ளி நல்லதென்று நான்தான் முடிவு செய்தேன்.

6

ஜூலை 20, சனி. மாலையில் பிலோமினா வந்தாள். கழுவிய கையைப் பாவாடையில் துடைத்தபடி வாசலிலேயே நின்றாள். “அண்ணே, நாளைக்கு தம்பின் டவுன்ல எங்க தம்பி மவளுக்குக் கல்யாணம். விடியவே போயிருவேன். காலையில இவ மாத்திரய நீங்க பாத்துக்குங்க.” அட்டையை மேசைமேல் வைத்தாள்.

இதற்காகத்தானே நான் காத்திருந்தேன். நான்கு மாதமாக அந்த அட்டையில் பிலோமினா போடும் அடையாளங்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்து வந்தவன். அவள் சரிக்குறி போடமாட்டாள், சிலுவைபோல் ஒரு குறி போடுவாள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. சில கட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது கண்ணில் மணல் விழுந்தது போலிருக்கும்.

ஆனால் வாயில் வந்தது வேறு. “நான் யார் பார்ப்பதற்கு? பாரத்தில் என் பெயரா இருக்கிறது?”

நான் விளையாடுகிறேன் என்று பிலோமினா நினைத்துக்கொண்டாள். “அட, மூஞ்சியப் பாரு! ஊர்க்காரருக்குக் கோவத்தப் பாருடி” என்று சொல்லிவிட்டுப் போனாள். லெட்சுமிக்கு அது விளையாட்டில்லை என்று தெரியும்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் பஸ் ஏறி சிரம்பானுக்குப் போய்விட்டேன். ஏரிக்கரைப் பூங்காவில் உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். தோசை சாப்பிட்டேன். இருப்பவர்கள் இல்லாமல் போனால்தான் அருமை தெரியும் என்று ஒரு சின்னப் பையனைப் போல நினைத்துக்கொண்டேன். மதியம் இரண்டு மணிக்கு வீடு திரும்பினேன்.

“மாத்திரை?”

“முழுங்கிட்டேன்.”

அட்டை மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. கட்டம் காலி. அவள் குளிக்கப் போன நேரத்தில் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன். மாத்திரை வைத்துக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலம் கிடந்தது, வெறுமையாக. பொட்டலம் வெறுமையாக இருப்பது விழுங்கியதற்குச் சாட்சியல்ல. அதற்கு முந்தைய இரண்டு வாரமாக மாத்திரையைக் கண்டாலே குமட்டுகிறது என்று அவள் சொல்லிவந்ததும் நினைவுக்கு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடிக் காய்ந்திருந்தது. அதையும் பார்த்தேன். நிமிர்ந்தபோது லெட்சுமி தலையில் துண்டோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேடுங்க” என்றாள். “நல்லாத் தேடுங்க.”

திங்கட்கிழமை கிளினிக்கில் மிஸ்ஸி அட்டையை வாங்கினார். விரல் 21-ஆம் தேதியில் நின்றது. நானும் அன்று பஸ்ஸில் போயிருந்தேன், குற்றம் செய்தவன் வருவதுபோல.

“நேற்று யார் பார்த்தது?”

“நான்தான் பாத்தேன் மிஸ்ஸி. குறி போட மறந்துட்டேன்” என்று பிலோமினா மலாயில் பளிச்சென்று சொன்னாள். கண் இமைக்கவில்லை. தம்பினில் கல்யாணச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தவள் அவள். கையில் மருதாணிகூட இன்னும் சிவப்பாக இருந்தது.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். “பாக் சிக், நீங்கள் பார்த்தீர்களா?” பாக் சிக் என்றால் பெரியவரே என்பதுபோல.

ஒரு தலையசைப்பு போதும். அதற்குள் என் மனம் எங்கெங்கோ போய் வந்தது. விழுங்கியிருந்தால் நான் சொல்லும் பொய் பொய்யே இல்லை. விழுங்காமலிருந்தால், அதைச் சொல்லாமல் விடுவது நாற்பத்தொன்பது நாள் எழுதிக்கொண்டே சும்மா இருந்ததற்குச் சமம். எனக்கு எது உண்மையென்று தெரியாது. ஏனென்றால் பார்க்க வேண்டியவன் பூங்காவில் இருந்தான்.

“பார்க்கவில்லை” என்றேன். “யாரும் பார்க்கவில்லை. நான் வீட்டில் இல்லை.”

லெட்சுமியின் முகத்தை நான் பார்க்கவில்லை. மிஸ்ஸி யாரையும் திட்டவில்லை. பார்க்காத நாள் கணக்கில் சேராது, கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம் என்று அட்டையின் கீழே எழுதினார். 28-ஆம் தேதி சனிக்கிழமை முடிய வேண்டிய சிகிச்சை 29, ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

வெளியே வந்ததும் பிலோமினா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “என்னாண்ணே நீங்க? வாய மூடிக்கிட்டு இருந்தா என்னா, கிரீடம் கழண்டு கீழ விழுந்துருமா? அவ முழுங்கிட்டேன்னு சொன்னா முழுங்கிட்டா. அவ்ளோதான்லா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவ சொன்னாள்ல?”

மோட்டார் கிளம்பியது. லெட்சுமி பின்னால் உட்கார்ந்து பிலோமினாவின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள். வளைவு திரும்பும்வரை இருவரில் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனையோ நாள் பார்த்த காட்சிதான். அன்று எனக்குப் பொறாமை மோட்டார் மீதோ இடுப்பில் போட்ட கைமீதோ இல்லை. “அவ சொன்னாள்ல?” என்று கேட்டாளே, அந்த மூன்று விநாடிமீது. எனக்கு முப்பது வருடத்தில் அப்படிக் கேட்க வந்ததில்லை.

7

செப்டம்பர் 28-ஆம் தேதி பிலோமினா தன் கடைசிச் சிலுவைக்குறியைப் போட்டாள். மறுநாளும் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து நின்றாள். லெட்சுமி கதவைப் பாதி திறந்து சொன்னது எனக்கு அறையில் கேட்டது.

“இன்னைக்கு நீ வேணாம் பிலோ. இது அவரு வச்ச நாளு. அவரே பாக்கட்டும்.”

“பாத்து, எழுதிக்கிட்டே இருந்துறப் போறாரு” என்று பிலோமினா சிரித்துக்கொண்டே போனாள்.

லெட்சுமி சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாள். நான் வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மணிய விடுங்க” என்றாள். “என்னையப் பாருங்க.”

பார்த்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மிஸ்ஸி பழக்கியிருந்தபடி வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினாள். உள்ளே இடதுபக்கம் கடைசியில் ஒரு பல் இல்லை. எப்போது விழுந்தது, பிடுங்கினார்களா என்று எனக்குத் தெரியாது. என் நாட்குறிப்பு எதிலும் அது இல்லை. பிலோமினாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

“பாத்தாச்சா?”

“பார்த்தேன்.”

“போடுங்க.”

கடைசிக் கட்டத்தில் ஒரு சரி போட்டேன். அது கட்டத்துக்கு வெளியே நீண்டுவிட்டது. அவள் எட்டிப் பார்த்தாள். “பிலோ பரவால்ல போல” என்றாள். பிறகு எழுந்து, “பசியாறுங்க, ரொட்டி சுடுறேன்” என்று அடுப்புப் பக்கம் போனாள். ஜூலை மாதத்துக்குப் பிறகு அவள் எனக்கு முன்னால் வைத்த தட்டுகள் பல. பசியாறச் சொல்லி வைத்தது அதுதான் முதல்.

பத்து மணிக்குப் பிலோமினா கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். பின்கட்டில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரோ ஒரு பழைய மண்டோரின் பெயர் அடிபட்டது. சிரித்தார்கள். என்னவென்று இன்னும் தெரியாது. பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் அன்றைக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், பஸ் ஏறிப் போகவில்லை.

அந்த 2024 செப்டம்பர் 29-ஆம் தேதிப் பக்கத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். “லெட்சுமி மாத்திரை விழுங்கினாள். பார்த்தேன்.” இவ்வளவுதான் இருக்கிறது. என் நாட்குறிப்புகளில் மணி குறிக்காத ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும். நீல அட்டை நோட்டில் அந்த வருடத்து வரிசையை நான் நிரப்பவில்லை. அவளுடைய ஐந்து இரவு எந்தத் தலைப்பில் போய் விழுந்தது என்று எந்த முகப்பிலும் கேட்கவுமில்லை. அறிக்கை கிடைக்கிறது, எண் இருக்கிறது. எழுதக் கை வரவில்லை.

சிகிச்சை அட்டை இப்போது கிளினிக் கோப்பில் இருக்கிறது. ஒப்படைக்கும் முன் அதன் நகல் ஒன்றை என் கையால் எழுதி வைத்துக்கொண்டேன். எல்லாக் கட்டங்களும் சரியாக இருக்கின்றன, ஒன்றைத் தவிர. அதற்கெதிரே எழுதியிருப்பதை மாற்றாமல் தருகிறேன்:

ஜூலை 21, ஞாயிறு. மாத்திரை விழுங்கியதாக லெட்சுமி சொல்கிறாள். பிலோமினா நம்புகிறாள். பார்த்தவர் இல்லை. சரிபார்க்கப்படவில்லை.